பொட்டு வைத்த ஃபில்டர்

போன மாசியில்
ஆயில் ஃபில்டரின் அடியில்
நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான்
ராக்கப்பன் பட்டறையில் வண்டியை விட்டேன்.
புதுவயல் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள்.
மூட்டைக்குள் கல்லைத் தேடுகிற கை
வேறெங்கும் சும்மா இருப்பதில்லை.

பில்லில் இருந்தது: ஆயில், ஃபில்டர், லேபர்.
ஆவணியிலும் அதே மூன்று வரி.
இந்த ஞாயிற்றுக்கிழமை
வண்டிக்கு அடியில் மல்லாந்து பார்க்கிறேன்,
பொட்டு அப்படியே இருக்கிறது,
தூங்கி எழுந்தவள் நெற்றியில் போல
ஓரம் மட்டும் கலைந்து.

கண்டனூரில் என் வீடென்பது
ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு.
முன்வாசல் ஒரு தெருவில் பூட்டிக் கிடக்க
பின்வாசல் அடுத்த தெருவில்
எனக்கும் என் பழைய ஆல்டோவுக்கும்.
முன்சக்கரம் ஏற, சரிவாக அறுத்த கட்டை இரண்டு.
எண்ணெய் பிடிக்க, காரைக்குடி பழைய சாமான் கடையில் வாங்கிய
நீலப் பூப்போட்ட எனாமல் பேசின்.
விளிம்பு உதிர்ந்ததால் நூற்றிருபது.
"வெள்ளைக்காரங்க இதுல பூச்செடி வைப்பாங்க,
நீங்க என்ன வைக்கப் போறீங்க?"
என்றார் கடைக்கார மெய்யர்.
சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன்.
சூடு பட்டால்தான் எண்ணெய் வழிக்கு வரும்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.
மல்லாந்து கிடக்கையில்
இடம் எது வலம் எது என்பது
பிறகு யோசிக்க வேண்டிய விஷயமாகிவிடுகிறது.
முதலில் இன்னும் இறுக்கினேன்.
அடுத்து ஒரு கெட்ட வார்த்தை.
சட்டென்று இளகி, விரலைச் சுட்டுவிட்டு
பேசினுக்குள் விழுந்தது போல்ட்.
பின்னாலேயே இறங்கியது
கன்னங்கரேலென்று ஒரு கயிறு.
நீலப் பூக்கள் ஒவ்வொன்றாக மூழ்கின.

ஃபில்டர் அசைய மறுத்தது.
உப்புத்தாள் சுற்றித் திருகினேன், வந்தது.
புதியதன் ரப்பர் வளையத்தில்
விரலால் எண்ணெய் தடவி
கையால் மட்டும் இறுக்கி
மேலே வந்து மூன்று லிட்டர் ஊற்றி
டிப்ஸ்டிக்கைத் துடைத்து, முக்கி, துடைத்து
சாவியைத் திருப்பினேன்.
சிவப்பு விளக்கு நாலு மூச்சு எரிந்து அணைந்தது.
தெருவுக்கே கேட்கும்படி சிரித்துவிட்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன்.
வண்டிக்கு அடியிலிருந்து
தேன் நிறத்தில் ஒரு கோடு.
மழைத்தண்ணீர் ஓடவென்று
கட்டும்போதே சரித்துப் போட்ட தெரு.
கோடு நேராக, அவசரமில்லாமல்
மூன்றாம் வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் போகிறது.

அணைத்தேன். ஓடினேன்.
ஆலையிலிருந்து அடுப்புக்குக் கொண்டுவந்த உமி
மூட்டையோடு தெருவில்.
மறுபடி அடியில் போனால்
பழைய வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது,
அதன்மேல் நான் புதியதை வைத்து இறுக்கியிருக்கிறேன்.
நகத்தால் உரித்தேன்.
நாலு லிட்டர் டின்னின் மிச்சம் போதுமானதாக இருந்தது
அதிர்ஷ்டம்.
அதைத் திறமைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பழைய எண்ணெயை எங்கே கொட்டுவது?
பின்வாசலை ஒட்டி ஓடும் வாய்க்கால்
ஊருணிக்குப் போகிறது.
பீப்பாய் இருப்பது ராக்கப்பன் பட்டறையில்.

மேசைமேல் ஃபில்டரை வைத்தேன்,
பொட்டு மேலே தெரிய.
அவர் பொட்டைப் பார்த்தார்.
பிறகு என் முழங்கையில் வழிந்திருந்த
புது எண்ணெயைப் பார்த்தார்,
தலைமுடியில் ஒட்டிய உமியை.
"ரிங்கு ரெண்டு மாட்டிக்கிச்சா?"
என்றார், மெதுவாக.

நான் பதில் சொல்லவில்லை.
கேட்க வந்ததையும் கேட்கவில்லை.
பீப்பாய் மூடியை அவரே தூக்கிப் பிடித்தார்.
ஊற்றி முடிக்கிறவரை
இரண்டு பேரும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது
இரண்டு ஃபில்டருக்கான காசை எண்ணி வைத்தார்.
லேபரைச் சேர்க்கவில்லை.
அதையும் குறித்துக்கொண்டேன்.